படத்தின் மூலையில் பதினாலு

எங்கள் குடோனில் யார் புதிதாக வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் நாளே இரண்டு விஷயம் சொல்லி அனுப்புவார்கள். ஒன்று, ஃபோர்க்லிஃப்ட் வரும்போது குறுக்கே நடக்காதே. இரண்டு, கேமராக்காவின் கேமராவில் கை வைக்காதே. முதலாவதை யாரும் பெரிதாக மதிப்பதில்லை, ஏனென்றால் வண்டியை ஓட்டுகிறவர் மெதுவண்ணன். அவர் வண்டிக்குக் குறுக்கே படுத்துத் தூங்கி எழுந்து போகலாம். இரண்டாவதை மீற மட்டும் இன்றுவரை எவனுக்கும் தைரியம் வந்ததில்லை.

அந்தக் கேமராக்கா நான்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. வாய் எனக்குக் கொஞ்சம் நீளம், கோபம் மூக்கு நுனியில். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லப்போவதற்கு முன்னால் என்னை நல்லவள் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

நான் முதலில் அங்கே அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டத்தான் சேர்ந்தேன். குடோனுக்குள் செல்போன் கூடாது. வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் மேனேஜர்கூட உள்ளே வருவார். அதனால் சரக்கைப் படம் எடுக்க ஆபீசுக்கென்று ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா உண்டு. வந்து இறங்குவது, ஏற்றி அனுப்புவது, உடைந்தது, எல்லாவற்றுக்கும் படம் வேண்டும். பழைய கேமராவை ஒரு ஆள் கைநழுவிச் சிமெண்டுத் தரையில் போட்டு உடைத்தான். புதிதாக ஒன்று வந்தது. அதோடு வந்த புத்தகத்தை யாரும் பிரிக்கக்கூட இல்லை. நான் வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு வாரம் படித்தேன். திரும்பி வந்து, "சார், இதைப் பிடிக்கிறதுக்கு முன்னாடி பட்டையைக் கையில மாட்டணும், அதுக்குத்தான் அந்தக் கயிறு. மாட்டியிருந்தா பழசு உடைஞ்சிருக்காது," என்றேன். மேனேஜர் கேமராவை என் கையிலேயே கொடுத்துவிட்டார். பதினோரு வருடம் ஆகிறது.

என் வீட்டுக்காரர் தையல்காரர். மீதமான கோட்டுத் துணியில் கேமராவுக்கு ஒரு உறை தைத்துக் கொடுத்தார், உள்ளே மெத்தை வைத்து. எனக்கு ரவிக்கை தைக்க நான் கொடுத்த துணி மூன்று மாதமாக மெஷின் மேலேயே கிடந்தது. கேட்டால், "நீ கீழ விழுந்தா உடைய மாட்டே," என்பார்.

கேமரா விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. யாராவது அருகே வந்து நின்றால் போதும், பாடம் ஆரம்பித்துவிடும். லென்ஸைத் தொடாதே, விரல் ரேகை படும். வாயால் ஊதாதே, எச்சில் தெறிக்கும், அதற்கென்று வைத்திருக்கும் துணியால் துடை. பொத்தானை ஒரேயடியாக அமுக்காதே. பாதி அமுக்கு, பச்சைக் கட்டம் வரும், 'பீப்' என்று சத்தம் கேட்கும், பிறகு மீதியை அமுக்கு. பளபளக்கும் சரக்கா, பிளாஷை அணை. குளிர் அறையிலிருந்து வெளியே வந்தால் பத்து நிமிடம் உறையிலேயே விடு, இல்லாவிட்டால் கண்ணாடியில் பனி படியும். கார்டை எடுப்பதற்கு முன்னால் கேமராவை அணைத்தாயா? அணைத்தேன் என்று சொல்லாதே, காட்டு.

இதில் ஒன்று நானாகச் சேர்த்தது. பல நாள் பயன்படுத்தாவிட்டால் பேட்டரியைக் கழற்றி வைக்கவும் என்று புத்தகம் சொல்கிறது. நான் தினமும் சாயங்காலம் கழற்றினேன். புத்தகத்தைவிட நான் கூடுதல் ஜாக்கிரதை என்ற தலைக்கனம், வேறென்ன. வயதாக ஆக அந்தக் கேமராவுக்குள் தேதியைப் பிடித்து வைத்திருக்கும் குட்டி பேட்டரி வலுவிழந்துபோனது. ஒரு ராத்திரி தாங்கும். சனிக்கிழமை சாயங்காலம் கழற்றித் திங்கட்கிழமை போட்டால் எல்லாம் மறந்துபோய், தேதியும் நேரமும் கேட்டு நிற்கும். நானும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் நிறுத்தி நிதானமாக அம்புக்குறியை அமுக்கித் தேதி வைப்பேன். படத்தின் வலது மூலையில் ஆரஞ்சு நிறத்தில் அது பதியும். சரக்கு அனுப்பியவர்களுக்கு அந்த எண்தான் சாட்சி.

மெதுவண்ணனைப் பற்றிச் சொல்லணும். பத்தொன்பது வருடம் அந்த ஃபோர்க்லிஃப்டை ஓட்டியவர். ஒரு பெட்டிகூடக் கீழே போட்டதில்லை. எதையும் மூன்று தடவை பார்ப்பார். என்னை 'தங்கச்சி' என்றுதான் கூப்பிடுவார். காலையில் குடோனைத் திறப்பது நாங்கள் இரண்டு பேர்தான். மற்றவர்கள் வர ஒன்பது ஆகும். அவர் உள்ளே வந்ததும் செய்யும் முதல் வேலை, கேமரா அலமாரிக்கு மேலே தொங்கும் தேதி காலண்டரில் ஒரு தாளைக் கிழிப்பது. யாரும் சொல்லிச் செய்வதில்லை. கிழித்த தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைப்பார். பின்பக்கம் கணக்குப் போட உதவுமாம்.

"உங்க வேகத்துக்கு நீங்க கிழிக்கிறதுக்குள்ள அடுத்த நாள் வந்துரும்ணே," என்பேன்.

"வரட்டும் தங்கச்சி. அதையும் சேத்துக் கிழிச்சுடுவோம்," என்பார்.

அந்தத் திங்கட்கிழமை அவர் வந்ததும் நேராகப் பின்பக்கம் போய்விட்டார், வண்டி பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற. நான் அலமாரியைத் திறந்தேன், கேமராவுக்குப் பேட்டரி போட்டேன். தேதி கேட்டது. நிமிர்ந்து காலண்டரைப் பார்த்தேன். பதினாலு. பதினாலு வைத்தேன். அது சனிக்கிழமைத் தாள் என்று தோன்றவே இல்லை. கேமராவில் கிழமை வராது, எண் மட்டும்தான். பதினோரு வருடமாக அந்தத் தாளைப் பார்த்தே தேதி வைத்து வைத்துக் கை பழகிவிட்டது, மூளை வேலை செய்வதை நிறுத்திவிட்டது.

பின்பக்கத்திலிருந்து அவர் சத்தம் போட்டார். "தங்கச்சி, இங்க ஒரு அடுக்கு சரிஞ்சு கெடக்கு. வந்து ஒரு படம் எடுத்துருங்க."

கை கழுவும் தொட்டிகள், வெள்ளைப் பீங்கான். பூட்டிய குடோனுக்குள் ஞாயிற்றுக்கிழமை எப்போதோ அடியில் இருந்த மரத்தட்டின் கால் முறிந்து அடுக்கு சாய்ந்திருக்கிறது. ஒன்பது பெட்டி நொறுங்கிக் கிடந்தது. பிளாஷை அணைத்து, பாதி அமுக்கி, பச்சைக் கட்டம் பார்த்து, அருமையாக ஆறு படம் எடுத்தேன். வாரத்தில் மூன்று நாலு உடைசல் வரும், அதில் இதுவும் ஒன்று. புதன்கிழமை வழக்கம்போல மொத்தமாக அனுப்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்துத் தொட்டிக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பதினாலாம் தேதி காலை எட்டரைக்கு உடைந்த படம் இருக்கிறது. அதே பதினாலாம் தேதி சாயங்காலம் நாலு மணிக்கு 'சேதம் ஏதுமில்லை' என்று உங்கள் ஆள் எண்ணிக் கையெழுத்துப் போட்ட சீட்டும் இருக்கிறது. உடைந்ததை மறைத்துக் கையெழுத்துப் போடுகிற இடத்தில் நாங்கள் எப்படிச் சரக்கு வைப்பது?

கையெழுத்து மெதுவண்ணனுடையது. மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"சார், சனிக்கிழமை எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. உடைஞ்சதைத் திங்கக்கிழமை காலைலதான் பாத்தேன். நான்தான் தங்கச்சியைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னேன்," என்றார் மெதுவண்ணன். பிறகு என் பக்கம் திரும்பினார். பதற்றமே இல்லை அவரிடம். "அவங்களையே கேளுங்க சார். அவங்க என்ன சொல்றாங்களோ அதுதான்."

அவர் கூப்பிட்டது எனக்கு ஞாபகம் இருந்தது. எந்த நாள் என்று இல்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. ஆனால் மேனேஜர், "கேமரால தேதி தப்பா விழ வாய்ப்பிருக்கா?" என்று கேட்டுவிட்டார். என் கேமராவை! எனக்குச் சுருக்கென்றது.

"பதினோரு வருஷமா நான் வெச்சிருக்கேன் சார். மனுசங்களுக்கு மறக்கும். கேமராவுக்கு மறக்காது. படத்துல என்ன இருக்கோ அதுதான்."

மெதுவண்ணன் என்னையே பார்த்தார். கோபப்படவில்லை. எதையோ எண்ணிப் பார்ப்பதுபோல விரல்களை மடக்கினார். "அப்படியா தங்கச்சி? திங்கக்கிழமை இல்லையா?" என்று மட்டும் கேட்டார். நான் குனிந்து உறையின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் அவரை வேலையை விட்டு எடுத்தார்கள். படம் ஒட்டிய அவருடைய கேட் பாஸை, இனிச் செல்லாது என்று மூலையைக் கத்தரியால் வெட்டி என் அலமாரியில்தான் வைத்தார்கள்.

நாலு நாள் கழித்துக் கார்டு நிரம்பியது. கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு அழிக்கலாம் என்று படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தேன். லாரியிலிருந்து மூட்டை இறக்கும் படங்கள், பதினொன்று. மூலையில் பதினைந்தாம் தேதி. ஒன்றைத் தாண்டிவிட்டேன். கை நின்றது. பதினைந்து ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குக் குடோன் பூட்டு. நான் தங்கை வீட்டில் உட்கார்ந்து அவளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் எப்படி லாரியைப் படம் எடுத்தேன்?

பின்னால் போனேன். படங்களுக்குக் கேமரா தானாக வரிசை எண் போடும், அது மாறாது. சனிக்கிழமை சாயங்காலம் நான் எடுத்த கடைசிப் படம் 1139, மூலையில் பதினாலு, ஐந்து மணி. உடைந்த தொட்டி 1140, மூலையில் பதினாலு, காலை எட்டரை. சாயங்காலத்துக்குப் பிறகு அதே நாள் காலை எப்படி வரும்? அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு படமும் இரண்டு நாள் பின்னால் நின்றது.

உடைந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மரத்தட்டின் கால் முறிந்த இடம் பளிச்சென்று வெளிறித் தெரிந்தது. யார் மேலும் தப்பில்லை. அவ்வளவு சுத்தமாக எடுத்திருக்கிறேன், பாவி.

அப்போதே எழுந்து பத்தடி நடந்து மேனேஜர் அறைக்குப் போயிருக்கணும். நான் என்ன செய்தேன் தெரியுமா? கேமராவை அணைத்தேன், முறைப்படி. கார்டை எடுத்தேன். அதன் ஓரத்தில் ஒரு சின்னப் பூட்டு உண்டு, நகத்தால் தள்ளினால் படம் அழியாது. அதைத் தள்ளினேன். பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு என் கைப்பைக்குள் வைத்தேன். மேனேஜரிடம் போய், "சார், கார்டு கெட்டுப்போச்சு, புதுசு வேணும்," என்றேன். அழிக்கவும் மனசு வரவில்லை, காட்டவும் வாய் வரவில்லை. கேமராவுக்கு மறக்காது என்று எல்லார் முன்னாலும் சொன்ன வாய்.

ஒன்பது நாள். கைப்பையைத் திறக்கும்போதெல்லாம் டப்பா கடகடவென்று ஆடும். நாளைக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம் என்று ஒவ்வொரு நாளையும் ஓட்டினேன். அவருக்கு வேறு வேலை கிடைத்திருக்கும் என்று எனக்கு நானே கதை சொல்லிக்கொண்டேன். வீட்டில் சோறு இறங்கவில்லை.

"நாலு நாளா நீ என்னைத் திட்டவே இல்லையே. டாக்டர்கிட்ட போலாமா?" என்றார் வீட்டுக்காரர்.

"சும்மா இருங்க," என்றேன். அதையும் மெதுவாகத்தான் சொன்னேன். மனுஷன் நிஜமாகவே பயந்துவிட்டார்.

பத்தாம் நாள் காலையில் மெதுவண்ணனின் மனைவி கேட்டுக்கு வந்தார், ஃபோர்க்லிஃப்டின் மாற்றுச் சாவியைத் திருப்பிக் கொடுக்க. அண்ணன் சட்டைப்பையிலேயே தங்கிவிட்டதாம். மேனேஜர் இல்லாததால் என்னிடம் அனுப்பினார்கள். அண்ணி என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

"உங்களை ஒண்ணு கேக்கணும்மா," என்றார். "வேலை செய்யறப்ப இவருக்கு எப்பயாச்சும் நாள் கிழமை மறந்து பாத்திருக்கீங்களா?"

"ஏன் அண்ணி?"

"இல்ல, அவரே சொல்றார். 'தங்கச்சி தப்பா சொல்லாது. அது அவ்வளவு கரெக்ட்டு. அப்ப எனக்குத்தான் புத்தி தடுமாறுது. திங்கக்கிழமைன்னு என் கண்ணுக்குள்ள நிக்குது, ஆனா அது சனிக்கிழமையாம்'ங்கறார். காலைல எந்திரிச்சதும் என்னை எழுப்பி, இன்னிக்கு என்ன கிழமைன்னு கேக்கறார். மறந்துருமோன்னு உள்ளங்கைல பேனாவால எழுதிக்கறார். அவங்கப்பாவுக்குக் கடைசி காலத்துல நினைவு தப்பிப் போச்சு. அதே மாதிரி ஆயிருச்சோன்னு ராவும் பகலும் அதே யோசனை. பக்கத்து வீட்டு வண்டியை நகர்த்தித் தரச் சொன்னாங்க, மாட்டேன்னுட்டார். எங்கயாவது இடிச்சுடுவேனோன்னு பயமாம். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். அங்க கேட்டா சொல்றதுக்குத்தான் உங்களைக் கேக்கறேன்."

வேலை போனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஐயோ, நான் அங்கே நின்ற நிலையை எப்படிச் சொல்வேன். ஒரு மனுஷனின் வேலையைத்தான் பறித்தேன் என்று ஒன்பது நாளாகக் கூனிக் குறுகிக்கொண்டிருந்தேன். அவர் தலைக்குள் இருப்பதையும் பறித்திருக்கிறேன். என்னை நம்புவதற்காகத் தன்னை நம்புவதை விட்டுவிட்டார்.

"அவருக்கு ஒண்ணும் மறக்கலை அண்ணி," என்றேன். "அது திங்கக்கிழமைதான். தேதியை நான்தான் தப்பா வெச்சுட்டேன். அவர் சொன்னது அத்தனையும் சரி. போய் முதல்ல அவர்கிட்ட அதைச் சொல்லுங்க."

அண்ணி என்னைப் பார்த்தார். "எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?"

"ஒம்போது நாள் ஆச்சு."

அவர் சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். கும்பிடவில்லை, வரேன் என்றும் சொல்லவில்லை.

மேனேஜர் வந்ததும் கார்டை அவர் மேஜையில் வைத்தேன். 1139, 1140, ஞாயிற்றுக்கிழமை லாரி, எல்லாவற்றையும் காட்டினேன். கார்டு கெட்டுப்போகவில்லை, நான் பொய் சொன்னேன் என்பதையும் சொன்னேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"எழுதிக் குடுங்க," என்றார். "ஒம்போது நாள்ங்கறதையும் எழுதுங்க."

எழுதினேன். "கேமராவை வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க சார். நான் மறுபடி டேப் ஒட்டறேன்," என்றேன்.

"குடுத்துடலாம்," என்றார், உடனே. மறுப்பார் என்று எங்கேயோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்கிறேன் போல. அதையும் நினைத்து வெட்கப்பட்டேன். "ஆனா அவர் திரும்ப வந்தா புது கேட் பாஸ் வேணும். அந்தப் படத்தை எடுத்துட்டுக் குடுங்க."

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மெதுவண்ணன் வந்தார். இளைத்திருந்தார். துவைத்துத் தேய்த்த சட்டை. நான் சொல்ல வேண்டியதை வீட்டிலிருந்து வழி முழுக்க மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். பார்த்ததும் எல்லாம் போய்விட்டது.

"என்னை மன்னிச்சுடுங்கண்ணே. தப்பா வெச்சது ஒண்ணு. தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருந்தது அதைவிட மோசம்," என்று அழுதுவிட்டேன். நான் அழுது அந்தக் குடோன் பார்த்ததில்லை.

"விடுங்க தங்கச்சி," என்றார். கொஞ்சம் தள்ளித்தான் நின்றார். "மறதி இல்லைன்னு தெரிஞ்சுதே. அது போதும் எனக்கு."

வெள்ளைச் சுவர் முன்னால் அவரை நிறுத்தினேன். பட்டையைக் கையில் மாட்டினேன். பேட்டரி போட்டேன், கேமராவை ஆன் செய்தேன். திங்கட்கிழமை ஆயிற்றே, தேதி கேட்டது. காலண்டரை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. தாளை இன்னும் யாரும் கிழித்திருக்கவில்லை.

"நீங்களே தேதியைச் சொல்லுங்கண்ணே. நீங்க சொல்றதைத்தான் வைப்பேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சந்தேகம் வந்துவிட்டது அவருக்கு. இடது கையை வயிற்றோடு சேர்த்து, எனக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று கொஞ்சமாக விரித்துக் குனிந்து பார்த்தார். உள்ளங்கையில் நீலப் பேனாவில் தேதியும் கிழமையும் எழுதியிருந்தது.

அதைப் பார்த்துத்தான் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே வைத்துவிட்டுப் படம் எடுத்தேன்.